காகிதக் கிண்ணத்தில் வெந்நீர்

அண்ணாச்சி,

"கொதிக்கிற தண்ணி எப்படிவே சூட்டைத் தணிக்கும்?" என்று அன்று எல்லார் முன்னாலும் கேட்டீர்களே, அதற்கு இன்று காலையில் பதில் செய்து பார்த்தேன். உங்கள் மகள் கொடுத்துவிட்டுப் போன நினைவு ஆராதனை அழைப்பிதழ் மேசைமேல் கிடந்தது. நல்ல கனமான தாள். மேலே 'அன்பும் பண்பும் நிறைந்தவர்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே மீசையோடு உங்கள் படம். அந்த வரியைப் படித்ததும் பழைய எரிச்சல் கிளம்பியது. அழைப்பிதழைக் கிண்ணமாக மடிக்க ஆரம்பித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். கோவில்பட்டியில் ஒரே பள்ளியில் நாம் இருவரும் அறிவியல் ஆசிரியர்கள். நீங்கள் மூத்தவர். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நான் செய்த பொருள் உங்களுக்கு மறந்திருக்காது. மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் சூடாகும் டிரான்சிஸ்டரை ஒரு செம்புக் கட்டியில் பொருத்தினேன். கட்டியைத் துளைத்து, ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட ஊசிகளைக் குழாய்களாக இறக்கினேன். மேலே தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, ஊசிகளுக்குள் கொதித்து, மறுமுனையில் ஆவியாகச் சீறும்.

பிள்ளைகளுக்கு உலைப் பானையைக் காட்டி விளக்கினேன். பானையில் தண்ணீர் இருக்கும்வரை சோறு அடிப்பிடிக்காது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் கொதிநிலைக்கு மேல் தண்ணீர் சூடேறாது. வாங்கும் சூட்டை ஆவி அள்ளிக்கொண்டு போய்விடும். தண்ணீர் வற்றினால்தான் ஆபத்து. மெல்லிய குழாயில் அந்த ஆபத்து சீக்கிரம் வரும், ஒரு குமிழியே குழாயை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சொட்டும் அளவை அத்தனை கவனமாக வைத்தேன். நம் கரிசல் கிணற்றுத் தண்ணீர் உப்பு, கொதித்தால் வெள்ளையாகப் படியும். ஆகவே என் கைக்காசில், உப்பே இல்லாத காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீர் ஒரு கேன் வாங்கி வைத்தேன்.

கண்காட்சி நடந்த நாளெல்லாம் அது ஓடியது. கடைசி நாள் கல்வி அதிகாரி வந்தார். மாவட்டக் கண்காட்சிக்கு எதை அனுப்புவது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதே மைக்கில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது கருகிய வாடை வந்தது. மைக் செத்தது. அந்த அமைதியில்தான் நீங்கள் எழுந்து நின்று கேட்டீர்கள். அதிகாரி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் செய்து வைத்திருந்த மின்சார மணிதான் மாவட்டத்துக்குப் போனது. எனக்கு 'வெந்நீர் வாத்தியார்' என்று பெயர் வந்தது.

ஊசிகளுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. பேட்டரித் தண்ணீரில் அது எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. நீங்கள் ஓய்வுபெற்ற அன்று, தேநீர் விருந்தில், நீங்களே தோளில் தட்டி விளக்கினீர்கள்.

"உம்ம பேட்டரித் தண்ணியப் பூரா எம் புல்லட்டு பேட்டரிக்குல்லா ஊத்துனேன். கேன்ல கெணத்துத் தண்ணிய நெரப்பி வச்சேன். வண்டி கயத்தாறு வரைக்கும் ஜம்முனு போச்சுவே!"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி?"

"சொல்லியிருந்தா வெந்நீருன்னு ஒரு பேரு உமக்குக் கெடச்சிருக்குமா?"

அன்றும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் உங்களை மன்னிக்க முடியவில்லை.

இப்போது கணினிகளையும் விண்கலக் கருவிகளையும் குளிர்விக்க மயிரிழைக் குழாய்களில் திரவத்தை ஓட்டிக் கொதிக்க விடுகிறார்கள் என்று படிக்கிறேன். மேல் கீழ் இல்லாத விண்வெளியில் குமிழி தானாக மேலே எழும்பாது, ஓட்டம்தான் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவர்களுக்கும் அதே பயம்தான்: குழாய் அடைத்துக்கொண்டு சுவர் வறண்டுவிடக் கூடாது.

இதைச் சொல்லத்தான் உங்கள் கடைசிக் காய்ச்சலில் பார்க்க வந்தேன். உங்கள் மகள் ஈரத்துணியை என் கையில் கொடுத்துவிட்டுக் கஞ்சி வைக்கப் போனாள். நீங்கள் கண் திறந்தீர்கள்.

"என்னவே வெந்நீர், துணி காஞ்சிருச்சு. நனைச்சுப் போடும்."

உங்கள் நெற்றிச் சூட்டைக் கொண்டுபோனது ஆவியாகிய தண்ணீர்தான். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். காய்ச்சல் இறங்கட்டும், தெளிந்த புத்தியோடு தோற்கட்டும் என்று மறுநாளைக்கு வைத்தேன். விடியுமுன் தப்பித்துவிட்டீர்கள்.

காலையில் அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஸ்பிரிட் விளக்கின் மேல் பிடித்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தண்ணீர் தொடாத விளிம்பில் இருந்த 'அன்பும் பண்பும்' கருகிப்போனது. தண்ணீருக்குக் கீழே உங்கள் மீசையில் ஒரு முடிகூடக் கருகவில்லை. உங்களைக் காப்பாற்றியது கொதிக்கிற தண்ணீர், அண்ணாச்சி.

"அப்பாவப் பத்தி நீங்கதான் சார் பேசணும்" என்று உங்கள் மகள் சொல்லியிருக்கிறாள். பேசுவேன். விளக்கும் இன்னொரு அழைப்பிதழும் பையில் தயாராக இருக்கின்றன. உங்கள் கேள்வியை உங்கள் குரலிலேயே கேட்டுவிட்டு, புல்லட் கதையையும் சொல்வேன். இந்த முறை சிரிப்பு யாருக்கு என்று பார்ப்போம்.

நம்பாதவர்களுக்கு அங்கேயே ஒன்று சொல்வேன்: கனமான தாள் ஒன்றைக் கிண்ணமாக மடித்து, முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி, சுடர் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மட்டும் படும்படி பிடித்துப் பாருங்கள்.