லைன் அன்று நன்றாகத்தான் இருந்தது

8 ஏப்ரல் 1986, செவ்வாய்

சீசன் இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மூச்சுவிட நேரமில்லை. மதியம் காவேரி பிசகினாள். எஸ்டேட் ஆபீஸைக் கேட்டவருக்கு மாட்டு டாக்டரைக் கொடுத்துவிட்டாள். நான் என் மேஜையிலிருந்தே அவள் லைனில் பிளக்கைச் செருகி, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டேன். எதிர்முனையில் ஆள் இருந்தார். இருக்கட்டுமே. தப்பு நடந்த இடத்திலேயே திருத்தினால்தான் புத்தியில் ஏறும். சேலத்திலிருந்து என்னை சூப்பர்வைசராக ஏற்காடு மலைக்கு அனுப்பியது தாலாட்டுப் பாடுவதற்கு அல்ல.

சாயங்காலம் அதே கடுப்போடு சேலம் டிவிஷன் ஆபீஸைக் கூப்பிட்டு, சீசனுக்குக் கூடுதல் ஆள் கேட்டேன். நெடுநேரம் வாதாடியும் கிடையாது என்றுவிட்டார்கள். இருக்கிற நாலு பெண்களை வைத்தே ஓட்டவேண்டும். சாந்தாமேரி ஒருத்திதான் உருப்படி. பழைய ஆள், குரலும் மணி மாதிரி இருக்கும். காவேரி இன்னும் தற்காலிகம்தான். ஜூனில் அவளை நிரந்தரமாக்கலாமா என்று நான் எழுதவேண்டும். எழுதுவேனா, சந்தேகம்தான்.

12 ஏப்ரல், சனி

என் வீட்டுக்காரர் வழக்கம்போல வாரக் கடைசிக்கு சேலத்திலிருந்து வந்தார். ரசத்தில் உப்பே போடவில்லை நான். மனுஷன் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தடவையும் ஊற்றிச் சாப்பிட்டார். நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்த பிறகுதான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, மோர் இருக்கிறதா என்றார்.

22 ஏப்ரல், செவ்வாய்

தலைச்சோலையிலிருந்து மாதையன் என்று ஒருவர் வந்தார். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை, கொஞ்சம் சொந்தக் காடும் உண்டு. வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்கம்மா, ஒரு சீட்டு எழுதிக் குடுப்பீங்களா? எட்டாந்தேதி சாயங்காலம் லைன் இல்லைன்னு. சீலு போட்டு வேணுங்க."

எதற்கு என்றேன்.

"என்ர ஊட்டுக்காரிக்குக் காட்டோணும்."

அவர் மனைவி ஆராயிக்கு வயிற்றில் கட்டி. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எட்டாம் தேதி இவர் ஆடுகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வர மலைக்கு வந்திருக்கிறார். சாயங்காலம் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இருக்கும் பொன்னுவேல் கடையிலிருந்து வார்டுக்குப் போன் செய்வது, மறுநாளே ஆபரேஷன் என்றால் கடைசி பஸ்ஸில் இறங்கிவிடுவது என்று பேச்சு. போன் செய்தபோது எக்ஸ்சேஞ்சில் லைன் டவுன் என்றார்களாம்.

"மலையில லைன் போறது புதுசுங்களா? நம்பி ஊட்டுக்குப் போய்ட்டேன். காலைல எறங்கிப் போறதுக்குள்ள ஆபரேசன் முடிஞ்சு போச்சுங்க. நல்லாத்தான் இருக்கறா, ஊட்டுக்கு வந்துட்டா. ஆனா அதே நேரத்துல பக்கத்துக் கட்டில்காரிக்கு ஏற்காட்டுல இருந்து போன் வந்துச்சாம். உனக்கு மட்டும் எப்பிடி லைன் இல்லாம போச்சுன்னு கேட்டா. நான் பயந்துட்டு ஓடிப்போய்ட்டனாம். அப்பறம் எங்கூடப் பேசறதே இல்லைங்க. நொம்ப சங்கடமா இருக்குது."

வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் படியிறங்கும்போதுதான் உறைத்தது. எட்டாம் தேதி சாயங்காலம் நானே சேலத்தோடு பேசிக்கொண்டிருந்தேனே!

23 ஏப்ரல், புதன்

நாலு பேரையும் நிற்கவைத்துக் கேட்டேன். யார் சொன்னது லைன் டவுன் என்று? நாலு தலையும் குனிந்தன. குரலை உயர்த்தினேன். தலை இன்னும் குனிந்தது. கடைசியில் சாந்தாமேரியிடம், உனக்குத் தெரியும், சொல் என்றேன்.

"தெரியும் மேடம். சொல்ல மாட்டேன்."

என்னிடமா இந்தப் பேச்சு என்று ஆரம்பித்தேன். அவள் பதற்றமே இல்லாமல் சொன்னாள்: "என்னையும் ஒருநாள் ஆளு கேக்க லைன்ல வெச்சுத் திட்டினீங்க. லைன்ல இருந்த எஸ்டேட் மேனேஜர் மறுநாள், இன்னிக்கு உங்க மேடம் லீவான்னு கேட்டுச் சிரிக்கிறார். பதினஞ்சு வருஷமா இந்த வேலை பாக்கறேன் மேடம். அன்னைக்கு ஊட்டுல போய் அழுதேன்."

சாந்தாமேரி அழுதாள் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அன்றைக்கு அவளைத் திட்டியதே எனக்கு நினைவில் இல்லை. அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. நான் என்ன அப்படியா...? அப்படித்தான் போல.

24 ஏப்ரல், வியாழன்

இன்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காவேரிக்குப் பக்கத்து இடத்தில் நானே உட்கார்ந்தேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை, வந்த லைன்களை மட்டும் இணைத்துக்கொண்டிருந்தேன். முதல் அரைமணி நேரம் அவள் ஒவ்வொரு பிளக்கையும் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் செருகினாள். நான் பக்கத்தில் இருந்தால் ஒரு பெண்ணுக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை போய்விடுகிறது. சேலத்தில் ஒரு சூப்பர்வைசர் இருந்தாள், அவள் வந்து நின்றால் எனக்கும் இப்படித்தான். அவளைத் திட்டாத நாள் கிடையாது, மனதுக்குள்.

கூட்டம் குறைந்த நேரத்தில் நானே ஒரு நம்பரை மாற்றிப் போட்டுவிட்டேன். கேட்டவரிடம் மன்னிப்புக் கேட்டு, சரியான நம்பரைக் கொடுத்தேன். காவேரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்.

"நான்தான் மேடம். அவரு சேலத்துக்கு டிரங்க் கால் புக் பண்ணினதை மறந்துட்டேன். மத்தியானம்தான் நீங்க திட்டியிருந்தீங்க. திரும்பக் கேட்டப்ப பயத்துல லைன் டவுன்னு வந்துருச்சு. ஒருக்கா சொன்னதை அப்பறம் எப்பிடி மாத்தறது? நீங்க எந்நேரம் பிளக்கைப் போடுவீங்கன்னு தெரியாதே."

கோபம் சுறுசுறுவென்று ஏறியது. அடிப்பாவி, ஒரு மனுஷனை இப்படியா நிறுத்துவாய் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்தேன். அவளிடம் சொல்ல வந்ததில் பாதி எனக்கும் சேரும் என்று அங்கே நின்றபோது பட்டது. திரும்பி வந்து, சொன்னாயே, அது போதும், மீதியைப் பிறகு பேசலாம் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சாந்தாமேரி போகும்போது மெதுவாக ஒரு வழி சொன்னாள். "லைன் இல்லைன்னே எழுதிக் குடுத்துருங்க மேடம். அவரும் நிம்மதியாப் போவார், இந்தப் புள்ளைக்கும் வேலை போகாது."

25 ஏப்ரல், வெள்ளி

எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. லைன் இருந்தது ஆராயிக்குத் தெரியும். நான் சீல் குத்தின பொய்யோடு போய் நின்றால் அவர் இன்னும் பெரிய பொய்யராவார். மாதையன் வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

26 ஏப்ரல், சனி

வாரக் கடைசிக்கு வந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், நான் ரொம்பக் கத்துகிறேனா என்று. "காப்பி ஆறுது, குடி" என்றார்.

27 ஏப்ரல், ஞாயிறு

தலைச்சோலை. காவேரியும் வந்தாள், வா என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆராயி வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், இன்னும் நிமிர முடியவில்லை. மாதையன் தள்ளி வேலியோரம் நின்றார்.

லைன் அன்று நன்றாகத்தான் இருந்தது, தப்பு எங்களுடையது என்று ஆரம்பித்தேன். அதற்குள் காவேரி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மாதையன் என்னைப் பார்த்துத்தான் கத்தினார். "ஏனுங்க, படிச்சவங்கதானே நீங்க? என்ர ஊட்டுக்குள்ளயே என்னைய பொய்க்காரனாக்கிப் போட்டீங்களே!" பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். நின்று வாங்கிக்கொண்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை. சமாதானம் சொல்ல நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன்.

ஆராயி எங்களைத் திட்டவில்லை. காவேரியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவரு எத்தன வாட்டி கேட்டாரு கண்ணு?"

"கடை மூடற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாருங்க. கடைசியா கேட்டப்ப அழற மாதிரி இருந்துச்சுங்க."

ஆராயி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பாதையில் திரும்பும்போது பின்னால் அவள் குரல் கேட்டது. "வெயில்ல நிக்காம உள்ள வாங்க. சோறு ஆறுது பாருங்க." புருஷனிடம் சொல்கிறாள்.

காவேரி வழியெல்லாம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, பஸ் வரும் முன் துடைத்துக்கொண்டேன்.

28 ஏப்ரல், திங்கள்

நடந்ததை டிவிஷனுக்கு எழுதினேன், என் பங்கையும் சேர்த்து. காவேரிக்குப் படித்துக் காட்டித்தான் அனுப்பினேன். நாலு பேரிடமும் சொன்னேன்: இனி ஆள் லைனில் இருக்கும்போது யாரையும் திட்ட மாட்டேன். சாந்தாமேரியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க மேடம்" என்றாள், அவ்வளவுதான். நம்பின மாதிரி தெரியவில்லை.

9 மே, வெள்ளி

பதில் வந்துவிட்டது. காவேரிக்கு எச்சரிக்கை. எனக்கும் ஒரு கண்டிப்பு, நன்றாகக் காரம் போட்டு எழுதியிருக்கிறார்கள். இரண்டு தடவை படித்துவிட்டு ஃபைலில் வைத்தேன்.

19 மே, திங்கள்

சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம், சீசன் கூட்டம், இரண்டும் ஒன்றாக வந்து எக்ஸ்சேஞ்ச் போர்டு திணறியது. மறுபடியும் கத்திவிட்டேன், சாந்தாமேரியை. லைனில் அல்ல, ஆனாலும் எல்லார் முன்னாலும். அவள் ஹெட்செட்டைக் கழற்றாமலே, "மேடம், இப்ப கத்தறீங்க" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நானும் போர்டில் ஓர் இடத்தில் உட்கார்ந்து லைன்களை இணைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவளே எனக்குக் குழம்பு ஊற்றினாள்.

3 ஜூன், செவ்வாய்

காலையில் காவேரி ஒரு பம்பாய் லைனைப் பேச்சு நடுவில் தவறுதலாகப் பிடுங்கிவிட்டாள். மகனோடு பேச நேற்றிலிருந்து காத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் லைன் அது. நான் அப்போது ஸ்டோரில் இருந்தேன். யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்காது. அவளாக வந்து மேஜைக்கு எதிரே நின்று சொன்னாள். கோபம் வந்தது, எங்கே போகும். கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, முதலில் அந்த அம்மாளிடம் சொல், பயப்படாமல் உண்மையைச் சொல் என்றேன்.

"சொல்லிட்டேனுங்க மேடம். நல்லாத் திட்டினாங்க. திரும்ப பம்பாய்க்கு புக் பண்ணிக் குடுத்துட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

மதியம் அவளை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதி அனுப்பினேன்.