பதின்மூன்று பாகை

பெப்ரவரி 11, 2025

எண்பது கிலோ. மூன்று தரம் தூக்கினேன், மூன்று தரமும் நடுவர்களின் சிவப்பு விளக்கு.

இரும்பு என் தலைக்கு மேலேதான் இருந்தது. காலிரண்டையும் சேர்த்து அசையாமல் நின்றேன். ஆனாலும் இடது முழங்கை முழுதாக நிமிரவில்லையாம். மடங்கிய கையால் தூக்கினால் கணக்கில்லையாம். மாவட்டப் பளுதூக்கல் போட்டியில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிட்டார்கள்.

"பாரம் தூக்கத் தெரிஞ்ச உனக்குக் கடைசியிலை கையை நீட்டத்தான் பஞ்சி" என்றார் பயிற்சி தருகிற றஞ்சித் சேர். பஞ்சியாம், சோம்பலாம்! விடிய நாலரைக்கு எழும்பி, நண்டுக் கொம்பனியில் எட்டு மணித்தியாலம் நின்றபடி நண்டு உடைத்துவிட்டு, பின்னேரம் வந்து இரும்பு தூக்குகிற எனக்கோ பஞ்சி?

என் எடைப்பிரிவில் வேறு ஆள் இல்லாததால் மாகாணப் போட்டிக்குப் பெயர் போகிறது. ஏப்ரல் 6. அங்கேயும் சிவப்பென்றால் இதோடு விட்டுவிடு என்று சேர் சொல்லிவிட்டார். விடுறதோ? என்னைத் தெரியாது அவருக்கு.

பெப்ரவரி 12

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அந்தக் கை நிமிராது.

ஒன்பது வயதில், கரையில் இழுத்து விட்டிருந்த வள்ளத்திலிருந்து குதித்து முழங்கையை உடைத்தேன். கட்டுப் போட்டார்கள். அதற்குள் எங்கள் யாகப்பர் கோயில் பெருநாள் வந்துவிட்டது. கட்டோடு புதுச் சட்டைக்குள் கை போகவில்லை. பன்னிரண்டாம் நாள், வலை வெட்டுகிற கத்தியால் நானே கட்டை அறுத்தெறிந்தேன். சட்டை வடிவாகத்தான் இருந்தது. கை அன்றிலிருந்து இப்படி.

பார்த்தவுடன் தெரியாது. ஆனாலும் அம்மா ஊருக்கு ஒளித்துத்தான் வளர்த்தா. படம் எடுத்தால், "லவீனா, கையைக் கட்டிக்கொண்டு நில்." பூசைக்கு நீளக்கைச் சட்டை. சேரிடமும் நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் ஊனம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயம். பஞ்சிக்காரி என்ற பெயர் அதைவிட நல்லது என்று இருந்தேன். மொக்கு!

பெப்ரவரி 23

கை நிமிரட்டும் என்று சேர் ஒரு பயிற்சி தந்தார். கட்டில் ஓரத்தில் கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டில் ஐந்து கிலோத் தட்டைக் கட்டிக்கொண்டு கிடக்கவேண்டும். பத்து நாள் கிடந்தேன். முழங்கை வீங்கியதுதான் மிச்சம்.

மார்ச் 3

வீக்கம் வற்றவில்லை. நல்லூரில் இயன்மருத்துவர் தனுஷிகா மிஸ்ஸிடம் போனேன். இரண்டு சட்டம் பூட்டிய கோணமானியைக் கையில் வைத்துப் பார்த்தா. பதின்மூன்று பாகை குறைவு. எடுப்பித்த எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினா. முன்னங்கை எலும்பின் நுனியில் ஒரு கொக்கி இருக்கிறது. கை நிமிரும்போது அது மேற்கை எலும்பின் பின்பக்கக் குழிக்குள் போய் இருக்கவேண்டும். என் குழியில் எலும்பு வளர்ந்து நிரம்பிப் போயிருக்கிறது.

"உம்மடை தசையிலை ஒரு பிழையும் இல்லை. எலும்பு எலும்பிலை முட்டுது. இனி எவ்வளவு பாரம் கட்டி இழுத்தாலும் நோகுமே தவிர நிமிராது."

பிறகு சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "மற்றவை கையைப் பூட்டினாப் பாரத்திலை பெரும்பங்கை எலும்பு தாங்கும். உம்மடை கை பூட்டாது. தசைதான் பிடிச்சு வைச்சிருக்குது. அதே எண்பது கிலோவுக்கு நீர்தான் கூட வேலை செய்யிறீர்."

கூட வேலை! பஸ்ஸில் வரும்போது தனியே இருந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்த மனிசி எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டா.

மார்ச் 4

போனில் பளுதூக்கல் விதிகளைத் தேடி எடுத்து வரி வரியாக வாசித்தேன். முழங்கை முழுதாக நிமிராதவர் தூக்குவதற்கு முன்பே நடுவர்களிடம் காட்டவேண்டும். காட்டினால் அது பிழையில்லை.

காட்டினால் போதும். என்ரை ஆண்டவரே! ஒளிச்சதாலைதானே இவ்வளவும்!

மார்ச் 16

சேரிடம் எக்ஸ்றேயைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "இதை முந்தியே சொல்லியிருந்தா நான் அந்தத் தட்டைக் கட்டச் சொல்லியிருப்பனே, பிள்ளை?" என்றார். பாவம்.

வீட்டில் அம்மாவோடுதான் சண்டை.

"அத்தனை சனத்துக்கு முன்னாலை கையைத் தூக்கிக் காட்டப் போறியோ? நாளைக்கு ஆர் உன்னைக் கேட்டு வருவான்?"

"வராட்டி விடட்டும்! இந்தக் கைதானே நண்டு உடைக்குது. இந்தக் கைதானே உங்களுக்கு மருந்து வாங்கித் தருது. அப்ப வராத வெக்கம் இப்ப ஏன் வருது?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது பொய்யில்லை.

மார்ச் 18

அம்மா கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. ஆருக்கு வீம்பு கூட என்று பார்ப்போம்.

ஏப்ரல் 5

பயமா? ஓம். போகாமல் விடுவேனா? இல்லை.

ஏப்ரல் 6

தொடங்குவதற்கு முன் நானே நடுவர்களிடம் போனேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டினேன். நடுவில் இருந்தவர் இடது கையைப் பிடித்து அமத்திப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் வரும்போலை கிடக்கு, தங்கச்சி?"

"இழுத்துப் பாருங்கோ, சேர். உடையும், நிமிராது."

கையை விட்டுவிட்டார்.

என் முறை வந்தது. அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில், "இந்த வீராங்கனையின் இடது முழங்கை முழுமையாக நிமிராது, நடுவர்கள் கவனத்தில் எடுத்துள்ளனர்" என்றார். பதினாறு வருடம் ஒளித்ததை மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். முகம் எரிந்தது. எரியட்டும் என்று போய் இரும்பைப் பிடித்தேன்.

எண்பது: இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. இரண்டு போதும்.

எண்பத்துநாலு: மூன்றும் வெள்ளை.

எண்பத்தெட்டு: பின்னால் விழுந்தது. அது கையால் இல்லை, என் அவசரத்தால்.

இரண்டாமிடம். மாகாண அணியில் பெயர் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா "ம்" என்றா. சோற்றுக்கு மேலே பெரிய பாரைமீன் துண்டாகப் பார்த்து வைத்தா.

மே 2

தேசியப் போட்டிக்கான படிவம் வந்தது. எனக்குக் கை முழுக்க நண்டு வெட்டு, பேனை பிடிக்க நோகுது. அம்மாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்து எழுதினா. பெயர், முகவரி, நிறை. ஏழாவது கேள்வியில் நின்றா: உடற்குறைபாடுகள் ஏதும் உண்டா?

நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"இல்லை" என்று எழுதினா. பேனையை மூடப்போய், திரும்பத் திறந்தா.

"எத்தினை பாகை எண்டவள் அந்த நல்லூர்ப் பிள்ளை?"