ஆறு பேர் சஹன்

ஞாயிறு, இரவு.

எச்.ஐ.வி. சேர்ந்து சாப்பிடுவதால் தொற்றாது என்று எங்கள் பல்லேபொல ஊர்ப் பெண்களைக் கூட்டிவைத்து வருடக்கணக்காகச் சொல்லிவருகிறேன். போன கூட்டத்தில் பக்கத்து வீட்டு பரீனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

இன்று அவள் மகளின் கல்யாணம். சஹன் என்ற ஒரே பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தாயிடமிருந்து அந்த நோயை வாங்கிப் பிறந்த என் பேத்தியோடு நான் உட்கார்ந்ததும், மற்ற நால்வரும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

பரீனா வந்து குனிந்தாள். "குறை நினைக்காதீங்க ராத்தா. ரெண்டு பேரும் வசதியா சாப்பிடுங்க."

நான் கோழித் துண்டுகளைப் பேத்தியின் பக்கம் தள்ளிவைத்தேன்.

பேத்திக்கு ஒரே சந்தோஷம். "உம்மும்மா, இவ்வளவு கோழியும் எங்களுக்கா?"

"எங்களுக்குத்தான் மகள்."

அடுத்த கல்யாணத்திலும் இப்படித் தனிச் சஹன் வேண்டும் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.