ராயப்பன் அடைத்த கலங்கல்

இயேசு மரி சூசை துணை

குத்தம்பாக்கம்
2-12-1994

அன்பு மகள் ஜெயசீலிக்கு அப்பா ராயப்பன் ஆசீரோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இந்த நிமிஷம் வரைக்கும் நானும் அம்மாவும் சுகம், நீயும் மஸ்கட்டில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் கேட்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, நோயாளியைத் தூக்கும்போது தனியாகத் தூக்காதே, இன்னொரு நர்சைக் கூப்பிட்டுக்கொள். நம் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, பக்கத்து வீட்டு நாகவல்லிக்கு இது ஒன்பதாம் மாதம். தபாலில் போட்டால் பதினைந்து நாள் ஆகும். உன்னோடு படித்த சேக்காட்டு ஜமீலாவின் வீட்டுக்காரர் நாளைக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். படித்த உடனே நீ ஒரு காரியம் செய்ய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நம் தெருவுக்கு மேற்கே முதலாளி கங்காதரன் ஓடையை மறித்து மண்கரை போட்டு, படகு விடுவதற்கு ஒரு குளம் கட்டினாரே, நீ போன லீவில் வந்தபோது வாத்து மாதிரி இருந்த படகில் ஏறி மிதிமிதியென்று மிதித்தாயே, அதே குளம்தான். அதற்குக் கரை பார்க்கும் வேலை எனக்குக் கொடுத்தார். நாற்பது வருஷம் நம் ஏரிக்கு மடை திறந்து அடைத்துக் கரை காக்கும் நீர்க்கட்டியாக இருந்தவன், என் காவலில் ஒரு கரையும் உடைந்ததில்லை என்று ஊரே சொல்லும், அந்தத் திமிர்தான் எனக்கும். ஏரியில் நாங்கள் என்ன செய்வோம் என்றால், பெருமழையெல்லாம் ஓய்ந்து மார்கழி பிறந்த பிறகு, மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலங்கலை மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்துவிடுவோம், இரண்டடி தண்ணீர் கூட நிற்கும், அடுத்த பயிருக்கு ஆகும். ஐப்பசிப் புயல் போனதும் முதலாளி வந்து, கிறிஸ்துமஸ் லீவுக்கு ஜனங்கள் படகு விட வருவார்கள், தண்ணீர் நிறைய நிற்க வேண்டும் என்றார். நானும் பெரிய மழை போய்விட்டது என்று நினைத்து, ஏரிக்குச் செய்கிற மாதிரியே இந்தக் குளத்துக் கலங்கலையும், மார்கழிக்குக் காத்திராமல் கார்த்திகை பிறப்பதற்கு முன்பே அடைத்துவிட்டேன். ஏரிக்கரைக்கு எங்கள் பாட்டன் காலத்து வயது, இறுகிப்போன மண். இந்தக் குளத்துக் கரைக்கு வயது மூன்று, புல்டோசர் தள்ளிவிட்ட மண், மிதித்துக் கெட்டிப்படுத்தவும் இல்லை. எனக்குத் தெரியாததா மகளே, தெரிந்தும் அடைத்தேன். நான் வைத்த அடைப்புக்கு மேல் முதலாளியின் ஆட்கள் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசி, ஜனங்கள் உட்கார ஒரு மேடையும் கட்டிவிட்டார்கள்.

இப்போது ஐந்து நாளாக விடாமல் மழை. குளம் விளிம்பு தொட்டு நிற்கிறது. கரையின் வெளிப்பக்கம் அடியில் கசிவு விட்டிருக்கிறது, கசிவு தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். அது வேலிக்கு வெளியே ஓடி வருகிற இடத்தில் தினமும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறேன், முதல் நாள் குடிக்கிற தண்ணீர் மாதிரி இருந்தது, இன்றைக்கு டீ மாதிரி இருக்கிறது. அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒரு சர்க்கார் ஆபீசுக்குப் போனேன், அங்கிருந்தவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது பட்டா நிலத்துச் சமாச்சாரம், எங்கள் கணக்கில் இப்படி ஒரு ஏரியே இல்லை பெரியவரே என்று திருப்பிக் கொடுத்தார். மேனேஜர் எட்மண்டைக் கேட்டால், "மொதலாளி சொல்லாம ஒரு கல்லக்கூட எடுக்க முடியாதுண்ணே, அவரு வெளியூர் போய்கீறாரு" என்கிறான். நானே கடப்பாரையோடு போனேன், இரண்டு பேர் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள், இப்போது கேட்டுக்குள் விடுவதே இல்லை. வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருகிறேன், வேறென்ன செய்ய.

பங்குச்சாமியார் மேட்டுப் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்திருக்கிறார். கரைக்குக் கீழே இருக்கிற நம் தெருவின் பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன், ஒருவரும் கிளம்பவில்லை. உன் அம்மா கிளம்பாததுதான் காரணம். "ராயப்பன் பொண்டாட்டியே ஊட்லகீது, நமக்கின்னா" என்கிறார்கள். இவளோ, நான் அடைத்ததுதான் தப்பு, என் புத்திதான் பிசகிவிட்டது என்று எத்தனை தடவை சொன்னாலும் சிரிக்கிறாள். "நீ காவ காத்த கரை இன்னிக்கு வரைக்கும் ஒடஞ்சிருக்கா? வயசாயிடுச்சி, பயந்துகினுகீற, சும்மா கெட" என்கிறாள். நாகவல்லியிடமும் போய், என் வீட்டுக்காரர் கை வைத்த இடம் அசையாது, நீ நிம்மதியாகத் தூங்கு என்று தைரியம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். முப்பத்தாறு வருஷமாக என்னை எதற்கும் மதிக்காதவள் இதற்கு மட்டும் மதிக்கிறாள். எனக்கு அழுகையாக வருகிறது ஜெயசீலி.

நேற்று பூந்தமல்லி பூத்திலிருந்து உன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். யாரோ என்னவோ பாஷையில் பேசினார்கள், உன் பெயரை நாலு தடவை சொன்னேன், வைத்துவிட்டார்கள். அதனால் இந்தக் கடிதம் கிடைத்த உடனே நீ மணவாளன் கடைக்குப் போன் பண்ணி அம்மாவிடம் பேசு. அப்பா தப்புதான் செய்திருக்கிறார், அவர் அடைத்ததை நம்பி இருக்காதே, நாகவல்லியையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போ என்று சொல். நான் சொன்னால் பயம் என்பாள், படித்த மகள் சொன்னால் கேட்பாள். அப்பாவை அப்படிச் சொல்ல உனக்கு வாய் வராது என்று தெரியும். வரவழைத்துக்கொள்.

வேளாங்கண்ணித் தாய் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. மணவாளன் காலை ஏழு மணிக்குக் கடை திறப்பான், என்னைக் கூப்பிடாதே, அம்மாவைக் கூப்பிடு. அவள் என்னைப் பற்றிப் பெருமையாக எது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே.

உன் அப்பா,
சூ. ராயப்பன்