சுவரை ஒட்டி வைக்கக் கூடாதாம்

மார்ச் 4, புதன்

கூடத்தில் இரண்டு கதவுகள் வந்து நிற்கின்றன. கதவு என்றால் கதவில்லை, ஸ்பீக்கர். மகன் உயரத்துக்கு, இரண்டு விரல் தடிமனில், சாம்பல் துணி போர்த்திய பலகைகள். ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். இவ்வளவு மெலிசான சாமானுக்கு ஏன் இத்தனை கனம் என்று மகனைக் கேட்டேன். உள்ளே வரிசை வரிசையாகக் காந்தமாம். காந்தத்துக்கு எதிரே மெல்லிய தாள் ஒன்று, அதன்மேல் கம்பி ஓடுகிறதாம். தாள் முழுதும் அதிர்ந்து பாடுமாம். பெயர் பிளேனார் மேக்னடிக். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், ஆனாலும் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சரியாக எழுதிவிட்டேன்.

மருமகள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. பாத்திரம் மட்டும் பேசியது.

மார்ச் 5, வியாழன்

காலையில் பெருக்கும்போது, அடியில் பழைய துணியைக் கொடுத்து இரண்டையும் சுவரோரம் நகர்த்தினேன். வீடென்றால் நடக்க வழி வேண்டாமா? சாயங்காலம் மகன் வந்து மறுபடி நடுக்கூடத்துக்கு இழுத்துவிட்டான். சுவரை ஒட்டி வைக்கக் கூடாதாம். முன்பக்கம் வருகிற அதே சத்தம் பின்பக்கமும் வருமாம். அதற்கு மூச்சுவிட இடம் வேண்டுமாம்.

இந்த வீட்டில் எனக்காக யாராவது அப்படி வாதாடியிருக்கிறார்களா?

மார்ச் 8, ஞாயிறு

தரையில் அங்கங்கே நீல டேப் ஒட்டியிருந்தது. துடைக்கும்போது நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, பலகை எங்கே நிற்க வேண்டும் என்று அவன் நாலு நாளாக அரை விரல் அரை விரலாக நகர்த்திப் பார்த்து வைத்த அடையாளம் அது. திட்டியிருந்தால் பரவாயில்லை. டேப்பை எடுத்துவந்து முட்டி போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். ஐம்பதை நெருங்குகிறவன். பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று முழுக்கக் காதைப் பொத்திப் பொத்தித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாற்காலி பலகைக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் பாட்டு அடுத்த தெருவில் பாடுகிற மாதிரி இருந்தது. காது போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். சொன்னால் டாக்டர், காதில் மிஷின், எல்லாருடைய பரிதாபம். வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை. ஆனால் மருமகள் முணுமுணுப்பதெல்லாம் கேட்கிறதே, அது எப்படி?

இன்று பேத்திதான் சொன்னாள், அந்தப் பலகைகளின் குணமே அதுவாம். முன்னாலும் பின்னாலும்தான் பாடும், பக்கத்தில் இருப்பவர்களைக் கண்டுகொள்ளாது. காது தப்பித்தது.

மார்ச் 13, வெள்ளி

மகன் தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தான். ஒரு பெண் பாடினாள். பாடுமுன் அவள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை அந்தக் குரல். எதிரே ஒரு ஆள் நின்றால் வாய் எங்கே இருக்குமோ அங்கேயிருந்து வந்தது. யாரோ வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

தலையைச் சற்றுச் சாய்த்தேன், அந்தப் பெண்ணும் ஒரு பக்கமாகப் போய்விட்டாள். ஒரே ஓர் ஆள் உட்காருமிடத்தில்தான் சரியாக இருக்குமாம். வீட்டில் நாலு பேர், இடம் ஒன்று. மத்தளத்துக்கும் சத்து போதவில்லை, சத்தம் கேட்கிறது, நெஞ்சில் வந்து இடிக்கவில்லை.

எப்படியிருக்கிறது என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். அவன் முகத்தைப் பார்த்தால் அதற்குமேல் சொல்லியிருக்கலாம். வேலையிலிருந்து வந்தால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவன், இந்தப் பத்து நாளாகத்தான் நிமிர்ந்து பேசுகிறான்.

மார்ச் 14, சனி

வந்தவர்களிடம் மருமகள் சொன்னாள்: "எங்க வீட்ல இப்ப ஆறு பேரு. அதுல ரெண்டு பேரு உக்காரவே மாட்டேங்கிறாங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

என் பேத்தி கட்டடம் வரையப் படிக்கிறாள். அவள் போடும் கோடு தறியில் இழுத்த நூல் மாதிரி இருக்கும். வரைந்ததையெல்லாம் முதலில் என்னிடம்தான் காட்டுவாள், நான்தான் வாய் நிறையச் சொல்வேன் என்பதால். வெள்ளிக்கிழமையே டேப்பை இழுத்துக்கொண்டு என் அறையை அளந்தாள். படிப்புக்காக என்று நினைத்தேன்.

இன்று தாளை விரித்தாள். நம் வீடு. பெரிய கூடம், நடுவில் இரண்டு பலகைகள், அவற்றின் பின்னால் தாராளமான இடம், எதிரே ஒரு நாற்காலி. அழகாயிருக்குடி என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் தேடினேன். கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவே இருக்கிற சுவர் அதில் இல்லை. என் கட்டிலும் இல்லை.

"என் கட்டில் எங்கடி?"

"அது மாடியில பாட்டி. அடுத்த தாள்ல இருக்கு."

அவள் மேல் தப்பில்லை. அப்பா சொன்னதை வரைந்திருக்கிறாள். நன்றாகவும் வரைந்திருக்கிறாள். அதுதான் — அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 18, புதன்

கொத்தனார் வந்து என் சுவரைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

மார்ச் 19, வியாழன்

கேட்டுவிட்டேன். எத்தனை நாள்தான் உள்ளேயே வைத்துப் புழுங்குவது? சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவனை நிறுத்தி, என்னை எங்கே வைப்பதாக உத்தேசம் என்றேன். மாடி அறையில் நல்ல காற்று, குளியலறை ஒட்டினாற்போல் கட்டித் தருகிறேன், சொல்லத்தான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என் முட்டியை வச்சுக்கிட்டு மேல ஏறிட்டேன்னா, அப்புறம் ஒரே ஒரு தடவைதான்டா இறங்குவேன். அதுவும் நாலு பேரு தோள்ல."

மருமகள் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டாள். அவன் எச்சில் கையோடு நின்றான். ஜெயித்துவிட்டேன். எழுந்து போய்ப் படுத்தேன், படுக்கவும் முடியவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பலகைகளுக்குப் போர்வை போர்த்தி மூலையில் சாத்திவிட்டான். விற்கப் போகிறானாம். கொத்தனாருக்கும் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. என்னிடம் கோபமே இல்லை, மாத்திரை போட்டாயா அம்மா என்று கேட்கிறான். அது இன்னும் மோசம்.

மார்ச் 25, புதன்

கூடம் காலியாகத்தான் இருக்கிறது. தாராளமாக நடக்கலாம். நடந்துகொண்டேதான் இருக்கிறேன். உட்காரலாம் என்று போனால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. மகன் மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். என் சுவரைத்தான்.

எனக்கு என்னதான் வேண்டும்?

மார்ச் 28, சனி

வாங்குகிற மனிதர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மகன் கடைக்குப் போயிருந்தான், மருமகளும் இல்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். போர்வையை எடுத்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதில் என்ன குறை அம்மா, மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்.

மறைக்கிற வழக்கம் எனக்கேது? சுவரை ஒட்டி வைக்க முடியாது என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்காது, ஓர் ஆளுக்குத்தான் முழுப் பாட்டு, மற்றவர்களுக்கு மிச்சம் மீதி. மத்தளம் இடிக்காது. சாதாரண ஆம்பிளிஃபயருக்கெல்லாம் வாயைத் திறக்காது, இதற்கென்று வாங்கியது அடுப்பு மாதிரிச் சுடுகிறது, அதன்மேல் கைக்குட்டை காயப்போட்டு நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன். கூடம் போய்விடும், பெண்டாட்டி பேசமாட்டாள்.

அவர் சிரித்தார். அப்படியென்றால் இதை ஏன்தான் வாங்கினார் உங்கள் மகன் என்றார்.

"மூச்சு கேக்கும்" என்றேன். "பாடறவ மூச்சு இழுக்கிறது கேக்கும். பாட்டு பெட்டிக்குள்ளயிருந்து வராது, ஆளு வந்து நிக்கிற மாதிரி இருக்கும். எவ்வளவு கூட்டி வச்சாலும் காதைக் கிழிக்காது. அதைக் கேட்டுட்டு மத்த ரேடியோவெல்லாம் கேட்டா வாயில துணியை வச்சுப் பாடற மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏம்மா விக்கிறீங்க?"

வாய்வரை வந்தது. ஒரு கிழவியின் கட்டிலுக்காக என்று சொல்ல வேண்டும். ஊர்பேர் தெரியாத மனிதரிடம், என் வாயால்.

"விக்கலை" என்றேன்.

அவர் தெருமுனையில் மகனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். உள்ளே வந்தவன், என்னம்மா செஞ்சு வச்சிருக்கே என்றான். எனக்கே தெரியவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

தெரிந்துவிட்டது. காலையில் பேத்தியைக் கூப்பிட்டு, என் அறை நீளமா கூடம் நீளமா என்றேன். உங்க ரூம்தான் பாட்டி நீளம், ஆனா அகலம் கம்மி என்றாள். பலகைக்குப் பின்னால் இடம் விட்டு நாற்காலி போட்டால் பத்துமா? கணக்குப் போட்டாள். பத்தும்.

எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். சுவர் அப்படியே இருக்கட்டும். பலகைகள் என் அறைக்கு, நான் கூடத்துக்கு. பிடுங்கினால்தானே பறிபோகும், நானாகக் கொடுத்தால் கொடுத்தது.

மகன் வேண்டாம் வேண்டாம் என்றான். மருமகளுக்குத்தான் சங்கடம்.

"கூடத்துல கட்டிலா அத்தை? வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"என்னைப் பாக்கத்தான் வந்தோம்னு நினைச்சுக்கட்டும்."

ஏப்ரல் 12, ஞாயிறு

கூடத்தில் பகலில் கண்ணை மூட முடியாது. பால்காரர் வருகிறார், மின்சாரக் கணக்கெடுப்பவர் வருகிறார், பேத்தியின் தோழிகள் என் கட்டிலிலேயே வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். புடவை மாற்றப் பேத்தியின் அறைக்குப் போக வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் யாரிடமும் சொல்வதாக இல்லை.

மகள் போன் செய்தாள். கூடத்துக்குத் தள்ளிவிட்டார்களா உன்னை, நான் வந்து கேட்கிறேன் என்று குதித்தாள்.

"என்னை யாரும் தள்ளலடி. நான்தான் அவனை உள்ள அனுப்பி வச்சிருக்கேன்" என்றேன்.

சாயங்காலம் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் மருமகள், கண்ணை மூடிக்கொண்டு. மகன் பக்கவாட்டில் தரையில், ஒன்றும் சரியாகக் கேட்காத இடத்தில், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். நான்தான் போய்த் திறக்க வேண்டும்.