கேலரியின் மேல்படி

நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்குப் பின் அதே பள்ளியில் விளையாட்டு டீச்சரான உன் நலமும் உன் விசிலின் நலமும் எப்படி? போனில் பேசினால் குசலம் விசாரித்து முடிப்பதற்குள் நாம் சண்டைக்கு நின்றுவிடுவோம் என்பதால் வழக்கம்போல் கடிதம்.

சந்தோஷமான செய்தி. நம் உயர்நிலைப் பள்ளியின் நூற்றாண்டு விழா மலரை என் அச்சகத்திலேயே அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். பள்ளி வரலாற்றையும் நானே எழுதுகிறேன். ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வந்து, பெற்ற அப்பாவே 'ஆமை' என்று கூப்பிட்ட ஒருவன் விளையாட்டு வரலாறு எழுதுகிறான். சிரித்து முடித்தாயா? இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முகப்பில் மைதானத்துக் கேலரியின் படம்தான். அரசாங்கம் கையை விரித்தபோது, வகுப்புக்கு வகுப்பு பிள்ளைகளைச் செங்கல் சுமக்க வைத்து, டிரில் மாஸ்டரான அப்பா தானே கரண்டி பிடித்துக் கட்டிய கேலரி ஆயிற்றே! அதோடு நீ ஓடிய அந்த ரிலேயும் வரவேண்டும். கடைசிச் சுற்றில் நீ பின்தங்கியபோது, உன்னை உற்சாகப்படுத்த, மேல்படியில் நின்று முதலில் காலால் ஓங்கி மிதித்தவன் நான். என்னைப் பார்த்துக் கேலரி மொத்தமும் மிதித்தது. நீ ஜெயித்தாய். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் கடைசி ரிலேக்கு அந்த மிதி உண்டு. என் வாழ்நாளில் விளையாட்டில் நான் செய்த ஒரே சாதனை அதுதான் அக்கா.

உனக்கு நினைவிருக்கும் சாதனைகளை எல்லாம் எழுதி அனுப்பு. உன்னோடு தங்கிப் படிக்கிற என் குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அத்தை செல்லம் அதிகம் என்று அவள் அம்மா முறைக்கிறாள்.

அன்புடன்,
உன் ஆமைத் தம்பி


நவம்பர் 14

என் செல்ல ஆமைக்கு,

அக்காவின் ஆசிகள். குட்டி நன்றாகச் சாப்பிடுகிறாள். ஓடத்தான் மாட்டேன் என்கிறாள். "அத்த, நான் மேல்படி கோஷ்டி. மிதிக்கிறதுதான் என் வேல" என்று என்னிடமே சொல்கிறாள். அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

நீ கேட்டதை எல்லாம் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். உயரம் தாண்டுதலில் சத்துணவு அமைப்பாளரின் மகள் வைத்த சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. அதை விட்டுவிடாதே, அந்த அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. கேலரிக்கு அடியில்தானே நம் விளையாட்டுச் சாமான் அறை இருக்கிறது? கோடு போடச் சுண்ணாம்புத்தூள் எடுக்கப் போனேன். கூரையில், அதாவது மேல்படிக்கு நேர் கீழே, ஒரு விரிசல். போன வருடம் முடி போல இருந்தது, இப்போது என் விரல் நுனி உள்ளே போகிறது. அதன் வழியாகத் துருத்தண்ணீர் வடிந்து சுவரெல்லாம் பழுப்பு. கீழே பந்துக்கூடை முழுக்கச் சிமெண்டுத் தூள்.

தலைமையாசிரியை ஒரு இன்ஜினியரை வரவழைத்தார். அவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்து, "பூசிட்டு பெயின்ட் அடிங்க டீச்சர், ஒண்ணும் ஆகாது" என்று போய்விட்டார். பெயின்ட் அடித்தாகிவிட்டது. பெயின்டின் மேலேயே மறுபடி கோடு தெரிகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறதடா. சும்மா உட்காருவது வேறு, பள்ளிக்கூடமே சேர்ந்து மிதிப்பது வேறு. மலரில் அந்த மிதியைப் பற்றி மட்டும் எழுதாதே. இந்த வருடம் பழைய மாணவர்கள் வேறு ஏறுவார்கள்.

அன்புடன்,
அக்கா


நவம்பர் 25

அன்புள்ள அக்கா,

உன் பயம் எனக்குப் புதிதா? பல்லி விழுந்தால் வீட்டையே காலி செய்யச் சொன்னவள் நீ. அப்பா கட்டியது பெயின்ட் உதிர்ந்தால் விழுந்துவிடுமா?

உன்னைச் சமாதானப்படுத்த அப்பா என்னிடம் சொன்ன ஒரு கதையைச் சொல்கிறேன். மலரிலும் இதைத்தான் முதல் பக்கத்தில் போடப்போகிறேன். கீழ்ப்படிகள் முடிந்ததும் கம்பி தீர்ந்துவிட்டதாம். வாங்க வழியில்லை. அப்பாவா அசருவார்? தடை தாண்டும் ஓட்டத்துக்கு வைக்கிற பழைய இரும்புச் சட்டங்கள், வளைந்துபோன ஈட்டிகள், உடைந்த கோல் போஸ்ட் எல்லாவற்றையும் அறுத்து, கம்பிக்குப் பதிலாக மேல்படிகளுக்குள் போட்டுச் சிமெண்டைக் கொட்டிவிட்டாராம். "நம்ம ஸ்கூல் ஆட்டமெல்லாம் அதுக்குள்ளதான்டா படுத்திருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரு பள்ளிக்கு இதைவிட அழகான வரலாறு உண்டா, சொல்!

அழைப்பிதழ் அடித்து முடித்துவிட்டேன். கடைசி வரி: 'இறுதி ரிலேக்குக் கேலரி அதிரட்டும்!' தலைமையாசிரியைக்கு ஒரே குஷி. நானும் வருகிறேன். மேல்படியில் எனக்கும் குட்டிக்கும் இடம் போட்டு வை.

அன்புடன்,
ஆமை


டிசம்பர் 4

தம்பிக்கு,

உன் கடிதத்தை மைதானத்தில் வெயிலில் நின்று படித்தேன். முடித்ததும் நேரே சாமான் அறைக்குப் போய் அந்த விரிசலை மறுபடி அண்ணாந்து பார்த்தேன்.

அது அழகான கதைதான். அப்பா சிரிப்பதுகூட என் காதில் கேட்டது. ஆனால் யோசித்துப் பார். அந்தச் சட்டங்கள் எல்லாம் உள்ளே வெற்றான குழாய். மழையில் கிடந்து முன்பே துருப்பிடித்தவை. ஒன்றோடொன்று கட்டாமல் துண்டு துண்டாக உள்ளே கிடக்கின்றன. இத்தனை நாளாகச் சுவரில் வடிவது என்னவென்று இப்போது தெரிகிறது. மேல்படியைத் தாங்கிப் பிடிக்க உள்ளே எதுவுமே இல்லை.

உன் கடிதத்தையே தலைமையாசிரியையிடம் காட்டினேன். அவர் ரசித்துப் படித்தார். "எவ்ளோ நல்லா எழுதறார் உங்க தம்பி! இத மைக்ல வாசிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றார். மிதியையாவது நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். "உங்க அப்பா கட்டினதுமேல உங்களுக்கே நம்பிக்கையில்லன்னா எப்படி?" என்றார். கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கும் அவர் அப்பா இல்லையா? அவர் கை பட்ட சுவரைத் தொட்டுவிட்டுத்தான் தினமும் மைதானத்தில் இறங்குகிறேன். ஆனால் இப்போது அந்த மேல்படியைப் பார்த்தால், பிள்ளைகள் இல்லாதபோதும், அவர்கள் அங்கே இருப்பதுபோலவே தெரிகிறது. நேற்று மதியம் குட்டி அங்கே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டாள். கத்தித் தொலைத்துவிட்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். மலர் உன்னுடையது, மிதி உன்னுடையது. எனக்காக இல்லாவிட்டாலும் குட்டிக்காகச் சொல். சொல்லாவிட்டால், விழா அன்றைக்கு நான் ஏதாவது செய்தால், என்மேல் கோபப்படாதே.

அக்கா


டிசம்பர் 21

அக்காவுக்கு,

கோபப்படாதே என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் போதுமா?

நூறு வருடப் பள்ளி. சிறப்பு விருந்தினர் மேடையில். ரிலேப் பெண்கள் கோட்டில் நிற்கிறார்கள். ஸ்டார்ட்டர் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நீ மைக்கைப் பிடுங்கி, "கேலரியில இருந்து எல்லாரும் எறங்குங்க, இல்லேன்னா சுடமாட்டேன்" என்கிறாய். எங்கே மூஞ்சியை வைத்துக்கொள்வது? பயந்துபோய்ப் பிள்ளைகள் இறங்கினார்கள். என் மகளே முதல் ஆளாக இறங்கினாள். "டிரில் மாஸ்டர் பொண்ணுக்கு என்னாச்சு?" என்று பின்னால் பேசியது என் காதில் விழுந்தது.

அதனால்தான் நான் மட்டும் இறங்கவில்லை. அப்பா கட்டியது என்னவென்று எல்லாரும் பார்க்கட்டும் என்று மேல்படியில் நின்று தனியாக மிதித்துக் காட்டினேன். விழுந்ததா? கைதட்டல் கேட்டாயா? அப்புறம் எல்லாரும் ஏறினார்கள், வேறு டீச்சர் விசில் ஊதினார், ரிலே நடந்தது, கேலரி அதிர்ந்தது. ஒரு கல்கூட உதிரவில்லை. அப்பா பேர் நின்றது, உன் பேர்தான் போனது.

இன்னொன்று. விடுமுறைக்கு வந்த குட்டி இனி அங்கே வரமாட்டாள். அவள் அம்மாவுக்கு இடுப்புவலி, துணைக்கு ஆள் வேண்டும். இங்கேயே பள்ளியில் சேர்க்கிறேன். டி.சி.யைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உன்மேல் உள்ள கோபத்தால் இல்லை.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

தம்பி


ஜனவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

குட்டியின் உடைகளையும் புத்தகங்களையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அவள் அம்மாவிடம் போனில் இடுப்பு எப்படி என்று கேட்டேன். "எந்த இடுப்பு அண்ணி?" என்றாள். அவளைத் திட்டாதே, பாவம்.

நீ மேல்படியில் மிதித்தபோது எல்லாரும் உன் காலைப் பார்த்தார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். கடவுளே, நான் பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன், இவன் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். முதலில் சிரித்துக்கொண்டே மிதித்தாய். சட்டென்று நிறுத்தினாய். கைதட்டினார்கள், நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குகிறவன், சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலை வைத்துப் பார்த்துப் பார்த்து இறங்கினாய்.

அப்புறம் எல்லாரும் ஏறினார்கள். நீ ஏறவில்லை. குடிநீர்க் குழாய்ப் பக்கத்தில் நின்றாய். குட்டி, "விடுப்பா, நானும் போறேன்" என்று திமிறினாள். நீ அவள் மணிக்கட்டை விடவேயில்லை. பஸ் ஏறும்போது பார்த்தேன், அந்தக் கை சிவந்து கன்றியிருந்தது.

உன் காலுக்குக் கீழே என்னவோ ஆடியிருக்கிறது. உனக்குத் தெரியும். அதனால்தான் உன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். நல்ல காரியம் செய்தாய். என் வயிற்றில் பாலை வார்த்தாய்.

மற்ற பிள்ளைகள்?

ஒரு வரி எழுது. எனக்கு வேண்டாம், தலைமையாசிரியைக்கு எழுது. 'நான் நின்றபோது ஆடியது' என்று மட்டும் எழுது. அப்பா பேர் ஒன்றும் கெடாது. கெட்டாலும் போகட்டும், அவர் பிள்ளைகளை வைத்துப் பெருமை தேடுகிற மனிதர் இல்லை.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 30

தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. தலைமையாசிரியைக்கும் எதுவும் வரவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. விழாவைக் கெடுத்ததற்கு. திங்கட்கிழமை வேறு பள்ளியில் சேரவேண்டும். சாமான் அறைச் சாவியைப் புது டீச்சரிடம் ஒப்படைத்தேன். சின்னப் பெண், கல்யாணம்கூட ஆகவில்லை. விரிசலைக் காட்டினேன். "மேடம், உங்க தம்பி ஏறி மிதிச்சே பாத்துட்டாராமே?" என்று சிரித்தாள். இனி யாரிடம் சொன்னாலும் இதைத்தான் சொல்வார்கள். நீ மிதித்ததுதான் அவர்களுக்குச் சான்றிதழ்.

அடுத்த மாதம் வட்டார விளையாட்டுப் போட்டி இந்த மைதானத்தில்தான். எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். உன் மலரில் படித்துவிட்டு, அவர்களும் கடைசி ரிலேக்கு மிதிக்கப் பழகுகிறார்களாம்.

உன்மேல் கோபம் இல்லையடா. கோபப்பட எனக்கு நேரமில்லை. நீ இனிமேல் என்னோடு பேசவே வேண்டாம். செத்தால்கூட வரவேண்டாம். ஆனால் அந்த ஒரு வரியை எழுதிவிடு. நான் சொன்னால் யாரும் இறங்கமாட்டார்கள். நீ சொன்னால் இறங்குவார்கள்.

இன்று காலை கடைசியாக ஒருமுறை போனேன். மேல்படியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், வழியனுப்புகிறார்களாம், எல்லாருமாக எழுந்து நின்று மிதித்தார்கள்.

அக்கா