ஏழாம் மூட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

2025 ஜனவரி 18, சனி

மழை இல்லை. 1 முதல் 4 வரை வாழை மூடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு குடம் ஊற்றினேன். 5 முதல் 8 வரை ஒன்றும் இல்லை. கறுப்புத் தாளை விலக்கி எட்டுக் கண்ணாடியையும் படம் எடுத்து அனுப்பினேன்.

இவ்வளவுதான் எழுத வேண்டும் என்று பிரீனா சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் மிச்ச இடம் வெறுமே கிடக்கிறது. வீட்டில் பேச ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிரீனா என் மகனின் மகள். அவனும் மருமகளும் மஸ்கட்டில். ஆறு வயதிலிருந்து அவளை வளர்த்தது நான். இப்போது கோயம்புத்தூரில் மண் ஆராய்ச்சி. ஏப்ரலோடு முடிகிற வேலை. நம் விளைத் தோட்டத்தில் எட்டு மூடு மட்டி வாழை நட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மண்ணைச் சுவர்போல வெட்டிக் கண்ணாடி பதித்து, வெளிச்சம் படாமல் கறுப்புத் தாள் போட்டிருக்கிறாள். வேர் இறங்குவது அதில் தெரியும். தண்ணீர் கிடைத்த வேர் மண்ணை எப்படிப் பிடிக்கிறது, கிடைக்காத வேர் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

நோட்டைத் தரும்போது சொன்னாள்: "பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கேன் பாட்டி. கிழிக்கப்பிடாது. தப்பா எழுதினா அழிக்கப்பிடாது. ஒரே ஒரு கோடு போடு. அடியில உள்ளது வாசிக்க முடியணும், கேட்டியா?"

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் இந்த முறை பிடித்திருக்கிறது. நானும் யார் செய்ததையும் அழிப்பதில்லை.

ஜனவரி 22, புதன்

மழை இல்லை. ஊற்றினேன். யாரும் வரவில்லை.

பிப்ரவரி 1, சனி

மழை இல்லை. படம் அனுப்பினேன்.

பிரீனா கூப்பிட்டாள். கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை. வேருக்கும் மண்ணுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைப் படிப்பிக்க ஆள் வேண்டுமாம். கடைசி மூன்று பேரில் இவள் ஒருத்தி. மார்ச் 6 சாயங்காலம் கம்ப்யூட்டர் வழியாக ஒரு மணி நேரம் பேச வேண்டும். நம் வாழையைப் பற்றித்தான் பேசப் போகிறாள்.

"கெடச்சா போவேன் பாட்டி. கெடைக்கல்லேன்னா இஞ்ச வந்து உனக்க கூட நிக்கேன். நாகர்கோவில்ல ஏதாவது காலேஜ்ல கேட்டுப் பாக்கேன்."

ஜெபம் பண்ணினேன். எதற்கென்று எழுத மாட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மழை இல்லை. 1 முதல் 4 வரை ஊற்றினேன். 5 முதல் 8 வரை இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று எழுதியது பொய்.

நேற்று என் வீட்டுக்காரர் இறந்த நாள். பதினோரு வருடம். அவருக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தேன். ஃபோனைச் சத்தம் கூட்டி அம்மிப் பக்கத்தில் வைத்தேன். மகன் கூப்பிடவில்லை. பிரீனாவும் கூப்பிடவில்லை. சாயங்காலம் கருக்கலில் விளைக்குப் போனேன். ஏழாம் மூடு இலையெல்லாம் மடக்கித் தொங்கப்போட்டு நின்றது. "தாகிக்கா மக்கா?" என்று கேட்டுவிட்டேன். நேற்று முழுதும் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். கேட்ட பிறகு எப்படிச் சும்மா போவது? கிணற்றில் கோரி இரண்டு குடம் ஊற்றினேன்.

நேற்றைய வரிக்கு ஒரு கோடு போட்டேன். சனிக்கிழமை ஃபோனில் வாசித்துக் காட்டும்போது கோடு தெரியப் போகிறதா என்ன!

பிப்ரவரி 22, சனி

மழை இல்லை.

படம் போன பத்தாவது நிமிடம் கூப்பிட்டாள். குரலே வேறு.

"பாட்டி, ஏழாவது மூட்டைப் பாத்தியா? மத்த மூணும் காஞ்சு கெடக்கு. இது மட்டும் வெள்ளை வெள்ளையா புது வேர் விட்டிருக்கு. ஒரு சொட்டு வெள்ளம் இல்லாம! நீ ஒண்ணும் ஊத்தல்லல்லா?"

"நான் என்னத்துக்கு ஊத்தப் போறேன்?" என்றேன். சிரித்தாள்.

சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த நாளில்தான் அவள் இப்படிச் சிரித்தாள். 2003 ஜூலை. பரிசு ஒரு சோப்புப் பெட்டி. எனக்கு மறக்காது.

மார்ச் 1, சனி

மழை இல்லை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரையும் நேற்று அடைத்துவிட்டார்கள். சானல் காய்ந்து கிடக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் யேசுரத்தினம். 1994 ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் மஞ்சக்காமாலையோடு நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளில், எல்லைக்கல்லை ஒன்றரைச் சாண் இந்தப் பக்கம் நகர்த்தினவன். கேட்டதற்கு, கல் நின்ற இடத்தில்தான் நிற்கிறது என்றான். அன்றோடு பேச்சு நின்றது. எனக்குச் சொல்ல வேண்டியதை அவன் தன் பசுவிடம் சொல்வான்.

"ஏட்டி செவலை, காஞ்ச வாழைக்குச் சிலபேரு கருக்கல்ல வெள்ளம் கோருதாவ. கேட்டா ஆராய்ச்சியாம்!"

பார்த்திருக்கிறான். நான் கோழியை விரட்டுவதுபோல உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

நாளை அவள் பேச வேண்டும். ஏழாம் மூட்டுப் படத்தைத்தான் முதலில் காட்டப் போகிறாளாம்.

கொழுந்தன் எல்லைக்கல்லை நகர்த்திவிட்டு வாயை மூடிக்கொண்டான். முப்பது வருடமாக அதைச் சொல்லித் திரிகிறேன். நான் என்ன செய்திருக்கிறேன்?

பகல் பதினொரு மணிக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன். ஃபோன் செத்துப்போச்சோ என்று பார்த்தேன். பிறகு கேட்டாள்: "எந்நைக்கு?"

"பிப்ரவரி பதிமூணு. வியாழன். ஆறு இருபது. பித்தளைக் குடத்துல ரெண்டு. ரெண்டாவதுல கொஞ்சம் சிந்திப்போச்சு."

"சரி பாட்டி. வச்சிரு."

திட்டியிருக்கலாம். ஏட்டி, ரெண்டு வார்த்தை திட்டக்கூடாதா நீ!

மார்ச் 6, வியாழன்

மழை இல்லை. ஊற்றினேன். சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு எழுத்தும் ஓடவில்லை.

மார்ச் 8, சனி

படம் அனுப்பினேன். பார்த்ததற்கு இரண்டு நீலக் கோடு வந்தது. அவள் கூப்பிடவில்லை.

மண்டைக்காட்டுக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிற பஸ்கள் எல்லாம் கூட்டம். ஊரே எங்கோ போகிறது.

மார்ச் 11, செவ்வாய்

பிப்ரவரி 14-லேயே சொல்லியிருக்கலாம். 22-ல் அவளே கேட்டாள், அப்போதும் சொல்லவில்லை. பேசுவதற்கு முந்தின நாள் ஏன் சொன்னேன்?

அவள் தோற்று இங்கே வந்துவிடுவாள் என்றுதான் சொன்னேன்.

மேலே உள்ள வரிக்கு ஒரு கோடு போட்டேன். அது முழுதும் உண்மை இல்லை. முழுதும் பொய்யும் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் போகிறாள்.

"ஏழாவது மூட்டைக் கணக்குல சேக்காமத்தான் பேசினேன் பாட்டி. கடைசில ஒரு வயசான ஆளு கேட்டாரு, எட்டு நட்டேன்னு சொல்லுத, ஏழுதானே காட்டுதன்னு. எனக்க பாட்டி இரக்கப்பட்டு வெள்ளம் ஊத்திட்டாங்கன்னு சொன்னேன். எல்லாரும் ஒரே சிரிப்பு. எப்போ ஊத்தினாங்கன்னு தெரியுமான்னு கேட்டாரு. நாளு, கிழமை, மணி, சிந்தினது வரைக்கும் சொன்னேன். அவரு சிரிப்பை நிறுத்திட்டு எழுதி வச்சாரு."

"எம்மேல கோவமா மக்கா?"

"ரெண்டு நாளு இருந்து. பாட்டா செத்த நாளை நான் மறந்துட்டேன்லா. அதுக்குப் பெறவு எப்படிக் கோவப்பட?"

சந்தோஷம் என்று சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

ஏப்ரல் 12, சனி

பிரீனா வந்தாள். இரண்டு ஆட்களை வைத்து எட்டு மூட்டையும் வேரோடு தோண்டி எடுத்தாள். மண்ணை அலசி, வேரைப் பையில் போட்டு நம்பர் எழுதினாள். விளையில் எட்டுக் குழி.

வேலிக்கு அந்தப் பக்கம்: "ஏட்டி செவலை, குழி மூட ஆள் வேணும்னா இஞ்ச மம்பெட்டி கெடக்குன்னு சொல்லு."

நான் கோழியிடம் சொன்னேன்: "மொதல்ல கல்லைப் பழைய இடத்துல வைக்கச் சொல்லு."

நோட்டையும் நாளை கொண்டுபோக வேண்டுமாம். ஆராய்ச்சியோடு சேர்ந்ததாம். மார்ச் 11-ஐத் திறந்து பார்த்தேன். விளிம்பைப் பிடித்தேன். 31 என்று அவள் கையால் நம்பர் போட்டிருக்கிறாள்.

கிழிக்கவில்லை. கோட்டுக்கு அடியில் உள்ளதை அவள் வாசிப்பாள். வாசிக்கட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவள் பெட்டி கட்டுகிறாள். நோட்டைக் கேட்கிறாள்.

விடியற்காலம் நல்ல மழை. எட்டுக் குழியிலும் ஒரே அளவு தண்ணீர். நான் ஊற்றவில்லை.